மிகைப் பரிமாணம் துணிபொருளாமோ?

ஒரு பொருள் உண்டு என்பது வேறு. உண்டாதல் கூடும் என்பது வேறு. உண்டெனக் கொள்ளின் வேறு சில பொருள்கள் இனிது விளங்கும் என்பது வேறு. முதலது துணிவு; இரண்டாவது ஐயம்; மூன்றாவது கருதுகோள். இம்மூன்றன் எல்லைகள் ஒன்றோடொன்று மயங்காவண்ணம் காத்தலே அளவை நூலின் பயன். இக்காலத்துப் பௌதிக நூலார் சிலரும், அவர்தம் கருத்துக்களை எளிய நடையிற் பரப்புவோர் பலரும், அவ்வெல்லைகளை அழித்துவிட்டனர். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றின் மேற்பட்ட பரிமாணங்கள் உளவென்பதும், மக்கள் வாழும் இவ்வுலகம் ஒரு பெருவெளியில் மிதக்கும் மெல்லிய படலமே என்பதும் விஞ்ஞானத்தால் நாட்டப்பட்ட உண்மைகள் என அவர் எழுதியும் பேசியும் வருகின்றனர். அக்கூற்று அளவைக்கு ஒவ்வாதென்பது ஈண்டு ஆராய்ந்து காட்டப்படும்.

மறுக்கப் புகுமுன், மறுக்கப்படும் கொள்கையை அதனை உடையார் கூறுமாறே எடுத்துரைத்தல் முறையாம். மிகைப் பரிமாணம் என்னுங் கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1854-இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ரீமன் என்னும் கணித வல்லார் ஆற்றிய விரிவுரை, எத்துணைப் பரிமாணமுடைய வெளியையும் முரணின்றிக் கணித்தல் கூடும் என்று காட்டிற்று. கணித்தற்கு இயைந்தன யாவும் உளவாதல் வேண்டும் என்று அவர் கூறிற்றிலர். இவ்வுலகின் வெளி எத்தகையது என்பது அநுபவத்தான் அறியற்பாலது என்பதே அவர் கருத்து. பின்னர் 1919-இல் தியோடர் கலூசா என்னும் ஜெர்மானியர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை விடுத்தார். வெளி மூன்றும் காலம் ஒன்றுமாகிய நான்கு பரிமாணத்தில் எழுதப்பட்ட ஈர்ப்புச் சமன்பாடுகளை ஐந்து பரிமாணத்தில் எழுதின், ஈர்ப்போடு மின்காந்தமும் அவற்றினின்றே பிறக்கும் என்பது அதன் சாரம். அது 1921-இல் அச்சேறிற்று. அங்ஙனமாயின் அவ்வைந்தாம் பரிமாணம் ஏன் புலனாகவில்லை என்னும் வினாவுக்கு 1926-இல் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கிளைன் விடை கூறினார். இறுகச் சுருட்டிய பனையோலை தொலைவிலிருப்பார்க்கு அகலமற்ற குச்சியெனத் தோன்றுமாறு போல, அப்பரிமாணம் சுருண்டு கிடத்தலின் அறியப்படவில்லை என்றார். அவர் கணித்த சுருளின் அளவு, ஒரு சென்டிமீட்டரை 1-க்குப் பின் 30 சுழியிட்ட எண்ணாற் பகுத்தால் வரும் பங்கினை ஒத்தது.

அரை நூற்றாண்டின் பின் இழைக்கொள்கை எழுந்தது. பொருள்களின் மூலம் துகளன்று, அதிரும் நுண்ணிழையே என்பது அக்கொள்கை. அது முரணின்றி நிற்றற்குப் பரிமாணம் பத்து வேண்டும். 1984-இல் மைக்கேல் கிரீன், ஜான் ஷ்வார்ஸ் என்னும் இருவர் அதன் கணிதத்தில் நின்ற ஒரு பெருந்தடையை நீக்கியபின் அறிஞர் பலர் அதன்பாற் சென்றனர். 1995-இல் எட்வர்ட் விட்டன், ஐந்தாகப் பிரிந்து நின்ற இழைக்கொள்கைகள் பதினொரு பரிமாணமுடைய ஒரே கொள்கையின் கூறுகள் எனக் கருதற்குக் காரணங் காட்டினார். அவ்வாண்டே ஜோசப் போல்சின்ஸ்கி, இழைகளின் முனைகள் பற்றி நிற்றற்குரிய படலங்கள் அக்கொள்கைக்கு இன்றியமையாதன என்று நிறுவினார். மெம்பிரேன் என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைப்பகுதியைக் கொண்டு அப்படலங்கள் பிரேன் எனப் பெயர் பெற்றன. ஒளியும் அணுக்களுமாகத் தோன்றும் இழைகள் இருமுனையும் படலத்திற் பற்றிக் கிடத்தலின் அதனை விட்டகலா. ஈர்ப்பாகத் தோன்றும் இழையோ முனையற்ற வளையமாதலின் படலத்தைக் கடந்து பெருவெளி எங்கும் செல்லும் என்பர்.

இக்கருத்தைக் கொண்டு இரண்டு கொள்கைகள் தோன்றின. 1998-இல் நிமா அர்க்கானி-ஹமெட், சவாஸ் டிமோபொலஸ், கியா திவாலி என்னும் மூவரும், 1999-இல் லிசா ராண்டால், ராமன் சுந்தரம் என்னும் இருவரும் அவற்றை வெளியிட்டனர். இரு சாராரும் எடுத்துக்கொண்ட வினா ஒன்றே. ஈர்ப்பு ஏனைய விசைகளினும் ஏன் இத்துணை மெலிந்தது? சிறிய காந்தக்கல் ஒன்று ஆணியைத் தூக்குங்கால் உலகமுழுவதின் ஈர்ப்பையும் வென்றே தூக்குகின்றது. இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று மின்னால் விலக்கும் விசை, அவற்றின் ஈர்ப்பினும் 1-க்குப் பின் 36 சுழியிட்ட மடங்கு பெரிது. முன்னைய மூவர், ஈர்ப்பு இயல்பில் மெலிந்ததன்று, மிகைப் பரிமாணங்களிற் பரந்து நீர்த்துப் போதலின் மெலிந்ததாகத் தோன்றுகின்றது என்றனர். பின்னைய இருவர், ஐந்தாம் பரிமாணம் வளைந்து கிடத்தலின், ஒரு படலத்தில் வலிதாயிருக்கும் ஈர்ப்பு மற்றொரு படலத்தை எய்துமுன் தேய்ந்து மெலிகின்றது என்றனர்.

இவற்றைத் துணிபொருள் எனச் சாதிப்போர் கூறும் காரணங்கள் மூன்று. மிகைப் பரிமாணம் கொள்ளின் ஈர்ப்பின் மென்மை விளங்குகின்றது, கொள்ளாவிடின் விளங்காது, ஆதலின் அஃது உண்டு என்பது ஒன்று. பல விசைகளை ஒருங்கிணைக்கும் அழகிய கணிதம் வேறில்லை. ஆதலின் அக்கணிதம் வேண்டும் பரிமாணங்கள் மெய்யாதல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னர்க் காணப்படாத பல பொருள்கள் கணிதத்தால் முதலிற் கூறப்பட்டுப் பின்னர்க் காணப்பட்டன. இதுவும் அவ்வாறே காணப்படும் என்பது மூன்றாவது.

முதற் காரணம் பொருந்தாமை காண்க. மலையின்கட் புகை கண்டவன் அங்கே தீ உண்டு என்று துணிகின்றான். அத்துணிவு அவனுக்கு எங்ஙனம் வந்தது? அடுக்களையிற் புகையும் தீயும் உடனிகழ்தலைக் கண்டும், நீர்நிலையில் இரண்டும் இன்மையைக் கண்டும் வந்தது. புகையைத் தீயன்றி வேறொன்று பிறப்பியாது என்னும் உறுதி அங்கே உண்டு. ஈர்ப்பின் மென்மையாகிய காரியத்தை மிகைப் பரிமாணமன்றி வேறொன்றும் பிறப்பியாது என்னும் உறுதி எங்கே உண்டு? மிகைப் பரிமாணமும் மென்மையும் உடனிகழக் கண்ட அடுக்களை யாது? அம்மென்மைக்கு வேறு விளக்கங்களும் பௌதிக நூலாராற் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் யாதும் இன்னும் நாட்டப்படவில்லை. பல காரணத்தான் வரத்தக்க காரியத்தைக் கண்டு அவற்றுள் ஒன்றைத் துணிதல் அநுமானமன்று, அநுமானப் போலியாம்.

இதற்குச் சான்று வான நூலிலேயே உண்டு. யுரேனஸ் என்னுங் கோள் கணித்த நெறியினின்று சிறிது வழுவிச் செல்லக் கண்டு, அப்பாலொரு கோள் உளதாதல் வேண்டும் என்று பிரெஞ்சு நாட்டு லெவெரியே கணித்தார். அவர் குறித்த இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளாக 1846 செப்டம்பர் 23-ஆம் நாளிரவு பெர்லின் நகரிற் காலே என்பார் நெப்டியூனைக் கண்டார். அதே லெவெரியே, புதன் கோளின் வழுவலைக் கண்டு, 1859-இல் அதற்கும் உள்ளே ஒரு கோள் உளதாதல் வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. கண்டோம் என்று சொல்வாரும் எழுந்தனர். ஆயின் அப்படி ஒரு கோள் இல்லை. புதனின் வழுவல், நூறாண்டில் 43 விகலையாகிய சிற்றளவு, 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையால் கோள் எதுவும் வேண்டாமலே விளங்கிற்று. கணித்தவர் ஒருவர், கணித்த முறையும் ஒன்று, ஒன்று மெய்யாயிற்று, மற்றொன்று பொய்யாயிற்று. இரண்டையும் வேறுபடுத்தியது யாது? காட்சியே. காட்சி வருமுன் இரண்டும் ஒரே தரத்தன. மூன்றாவது காரணம் கூறுவோர் நெப்டியூனை மட்டும் காட்டி வல்கனை மறைத்தலின், அக்காரணமும் இதனானே வீழ்ந்தது. 1930-இல் பௌலி ஊகித்த நியூட்ரினோ 1956-இற் காணப்பட்டமையும், 1964-இல் ஊகிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் 2012-இற் காணப்பட்டமையும் உண்மையே. அவை காணப்பட்டமையாற் கொள்ளப்பட்டன; காணப்படும் என்று சொல்லப்பட்டமையாற் கொள்ளப்பட்டனவல்ல.

இனி, அழகிய கணிதம் என்னும் இரண்டாங் காரணத்தை நோக்குக. கணிதம் முரணின்மையைக் காட்டும், உண்மையைக் காட்டாது. முயற்கோடு என்பது முரணுடைய சொல்லன்று, முயலும் உண்டு, கோடும் உண்டு, முயற்கோடுதான் இல்லை. மேலும், இழைக்கொள்கையின் மிகைப் பரிமாணங்கள் சுருளத்தக்க வகைகள் எண்ணிறந்தன. 1-க்குப் பின் 500 சுழியிட்ட தொகையொன்று அவற்றிற்கு அடிக்கடி கூறப்படுவது. அவற்றுள் இவ்வுலகிற்குரியது எதுவென்று காட்ட இன்றுவரை ஒருவரானும் இயலவில்லை. எவ்வுலகிற்கும் இடங்கொடுக்கும் கணிதம் இவ்வுலகிற்குச் சான்றாதல் எங்ஙனம்?

அற்றேல், மிகைப் பரிமாணம் இல்லை என்பதே சித்தாந்தமோ எனின், அதுவும் அன்று. இல்லை என்று துணிதற்கும் ஓர் ஏது வேண்டும். அளவை நூலார் இயல்பு, காரியம், அநுபலத்தி என ஏதுவை மூன்றாக வகுத்தனர். அவற்றுள் அநுபலத்தியாவது காணாமையால் இன்மையைத் துணிதல். ஆயின் காணாமை எல்லாம் இன்மைக்கு ஏதுவாகாது. ஒளியுள்ள அறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று துணிதல் தகும். இருட்டறையிற் காணாதவன் அங்ஙனம் துணிதல் தகாது. காணத்தக்கது காணப்படாமையே இன்மைக்கு ஏது. ஆதலின், இக்கொள்கையினர் கூறிய மிகைப் பரிமாணங்களுள் காணத்தக்கவை யாவை, அவை காணப்பட்டனவா என்று வினாவுதலே நெறி. 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கொள்கைகளின் சிறப்பு இங்கேதான் உளது. கிளைனின் சுருள் எக்கருவிக்கும் எட்டாத இருட்டறை. அவ்வைவரோ தம் பொருளை ஒளியுள்ள அறைக்குக் கொண்டுவந்தனர்.

முதல் ஒளி முறுக்குத் தராசு. ஈர்ப்பு மூன்று பரிமாணத்திற் பரவின், தொலைவு இரட்டிக்க விசை நாலிலொன்றாகும். ஒரு மிகைப் பரிமாணம் கூடின் எட்டிலொன்றாகும். இரண்டு கூடின் பதினாறிலொன்றாகும். அப்பரிமாணத்தின் அளவினும் குறுகிய தொலைவில் மட்டுமே இவ்வேறுபாடு புலனாம். பெரிய தொலைவிலும் அங்ஙனமாயின் கோள்களின் நெறி நிலைபெறாது என்று எரன்ஃபெஸ்ட் 1917-இலேயே காட்டியுள்ளார். 1998-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி மிகைப் பரிமாணம் ஒன்றாயின் அதன் அளவு கோள்மண்டலத்தினை ஒப்பதாகும்; அது வெளிப்படையாக இல்லை. இரண்டாயின் மில்லிமீட்டர் அளவை அணுகும். அக்காலத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ் ஈர்ப்பை எவரும் செவ்வனே அளந்திலர். சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் நுண்ணிய கம்பியிற் தொங்கும் துளைத்தட்டு ஒன்றை, அதன் கீழ்ச் சுழலும் மற்றொரு துளைத்தட்டு ஈர்த்து முறுக்கும் அளவை அளந்தனர். 2001-இல் அவர்தம் முதன் முடிவு வெளிவந்தது. 2007-இல் 55 மைக்ரான் வரையிலும், 2020-இல் 52 மைக்ரான் வரையிலும் ஈர்ப்பு பழைய விதியையே பின்பற்றுகின்றது என்று கண்டனர். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட ஆரமுடைய மிகைப் பரிமாணம் இல்லை என்பது 2020-ஆம் ஆண்டு அளவையின் பயன்.

இரண்டாம் ஒளி வானிலிருந்து வந்தது. 1987 பிப்ரவரியில் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. அதனின்று வந்த நியூட்ரினோக்களுள் இருபதின் மேற்பட்டன ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு ஆகிய இடங்களில் இருந்த கருவிகளிற் பத்து வினாடிக்குச் சற்று மேற்பட்ட காலம் வந்து பட்டன. ஈர்ப்புத் துகள்கள் வெப்பத்தைப் பெருவெளிக்கு ஏந்திச் சென்றிருப்பின் விண்மீனின் கரு விரைவிற் குளிர்ந்து, அந்நியூட்ரினோ வரவு குறுகியிருத்தல் வேண்டும், அது குறுகவில்லை. மேலும், 2017 ஆகஸ்ட் 17-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதனால் எழுந்த ஈர்ப்பலையும், காமா ஒளியும் இரண்டு வினாடிக்குள் ஒன்றையடுத்தொன்று பூமியை எய்தின. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவு கடந்த அவ்வீர்ப்பலை வழியில் மிகைப் பரிமாணத்தில் ஒழுகி மெலிந்ததற்கு அடையாளம் இல்லை. பெருந்தொலைவிற் கசிவதாகக் கூறும் கொள்கைகளுக்கு இது தடையாயிற்று.

மூன்றாம் ஒளி ஜெனீவா நகரின் அருகே செர்ன் நிலையத்தார் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைத்த பெருமோதுபொறி. அப்பொறி 2008-இல் முதன்முறை இயங்கியபோது, அதனுள் நுண்ணிய கருந்துளைகள் பிறக்கும் என்று சிலர் ஆர்வங்கொண்டனர். அவை உலகை விழுங்கும் என்று சிலர் அஞ்சினர். இருவருக்கும் பற்றுக்கோடு மிகைப் பரிமாணக் கொள்கையே. கருந்துளை பிறந்திலது. மோதலிற் பிறந்த ஈர்ப்புத் துகள் படலத்தை விட்டோடின், அது கொண்டுபோகும் ஆற்றல் கணக்கிற் குறைவாகக் காணப்படும்; அங்ஙனம் விதிக்கு மீறிய குறைவு காணப்பட்டிலது. இரண்டு மிகைப் பரிமாணங்கள் கொண்டார்க்கு, ஈர்ப்பு வலிதாகும் ஆற்றல் ஏறத்தாழ 10 டெரா எலெக்ட்ரன் வோல்ட்டுக்கு மேலே சென்றுவிட்டது. அக்கொள்கை தோன்றியபோது எதிர்பார்க்கப்பட்டதோ ஒரு டெரா எலெக்ட்ரன் வோல்ட்டை அணுகியது. ராண்டால், சுந்தரம் இருவரின் கொள்கைக்குரிய கனத்த ஈர்ப்புத் துகளும் தேடிய ஆற்றலளவிற் காணப்பட்டிலது.

காணத்தக்கது காணப்படவில்லை. ஆதலின் அவ்வளவில் அவை இல்லை என்பது அநுபலத்தியால் முடிந்தது. இவ்விடத்திற் கொள்கையினர் பலர் செய்வது யாது? அளவைச் சிறிதாக்குகின்றனர், பரிமாணத்தின் தொகையைக் கூட்டுகின்றனர், ஆற்றலை மேலே தள்ளுகின்றனர். கொள்கையைத் திருத்துதல் குற்றமன்று. ஆயின் ஈர்ப்பின் மென்மையை இயல்பாக விளக்குகின்றது என்பதே அக்கொள்கைக்கு உரிய ஏதுவாக இருந்தது. ஆற்றலை மேலே தள்ளுந்தோறும் அவ்விளக்கம் மெலிகின்றது. ஏது போயபின் மேற்கோளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதும், வாதத்தின் நடுவே மேற்கோளை மாற்றிக்கொண்டு முன் கூறியதையே கூறினேன் என்பதும் தோல்வித்தானம் என்று அளவை நூல் கூறும். அடுத்த பொறியிற் காணப்படும், அதற்கடுத்த பொறியிற் காணப்படும் என்பார்க்கு, எப்பொறியிற் காணாவிடிற் கைவிடுவீர் என்னும் ஒரு வினாவே போதும். அதற்கு விடையுடையார் விஞ்ஞான நெறியினர். விடையில்லாதார் வேறு நெறியினர்.

ஆர்வம் அறிவை எவ்வளவு விரைவில் முந்தும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2015 டிசம்பரில் அப்பெருமோதுபொறியின் இரண்டு குழுவினரும், 750 கிகா எலெக்ட்ரன் வோல்ட் அளவில் ஒளித்துகள் இணைகள் எதிர்பார்த்ததினும் சிறிது மிகுதியாகத் தோன்றின என்று அறிவித்தனர். அது தற்செயலாகவும் இருத்தல் கூடும் என்று அவர்களே எச்சரித்தனர். அங்ஙனமாகவும், சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுந்து, அதனை மிகைப் பரிமாணத்து ஈர்ப்புத் துகள் என்றும், வேறு வேறு புதுப்பொருள் என்றும் விளக்கின. 2016 ஆகஸ்டில் மேலும் திரட்டிய கணக்கு வெளிவந்தது, அம்மிகுதி மறைந்துவிட்டது. இல்லாத ஒன்றற்கு நூற்றுக்கணக்கான விளக்கங்கள் முரணின்றி இயைந்தன! விளக்க வல்லது என்பது உண்மைக்கு அடையாளமன்று என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இக்குற்றத்தை நீக்குதற்கு மாறாக, அளவுகோலையே மாற்றுதற்கு முயல்வாரும் உளர். ரிச்சர்ட் டாவிட் என்னும் தத்துவ நூலார் 2013-இல் வெளியிட்ட நூலில், காட்சிச் சான்று இல்லாதபோதும், மாற்றுக் கொள்கை இன்மை, எதிர்பாராத இயைபு, அதே துறையின் முன்னைய வெற்றி ஆகியவற்றால் ஒரு கொள்கையின்மேல் நம்பிக்கை கொள்ளுதல் தகும் என்று வாதித்தார். 2014 டிசம்பரில் ஜார்ஜ் எல்லிஸ், ஜோ சில்க் என்னும் இருவர் நேச்சர் இதழில் அதனைக் கண்டித்து எழுதினர். மறு ஆண்டு டிசம்பரில் மியூனிக் நகரில் இரு சாராரும் கூடி வாதித்தனர். டாவிட் கூறியவற்றை ஓர் ஆராய்ச்சியை மேற்கொள்ளுதற்குரிய காரணங்கள் என்று கொள்ளின் குற்றமில்லை. உண்மைக்குரிய காரணங்கள் என்று கொள்ளின் பெருங்குற்றம். மாற்றுக் கொள்கை இன்மை என்பது மாற்றுக் கொள்கையை இதுவரை எவரும் கண்டிலர் என்பதன்றி வேறன்று. லெவெரியேயின் காலத்து வல்கனுக்கும் அத்தகைய பெருமை இருந்தது.

இனி, மற்றொரு சாரார் உளர். அவர் இக்கொள்கைகள் அனைத்தும் வீண் கற்பனை, காலமும் பொருளும் கெட்டன என்று இகழ்வர். அவரும் நெறி தவறினர். என்னை? 1998-ஆம் ஆண்டுக் கொள்கை எழாதிருப்பின், மில்லிமீட்டருக்குக் கீழ் ஈர்ப்பை அளக்க வேண்டும் என்னும் வேட்கை அத்துணை விரைவில் எழுந்திராது. இன்று 52 மைக்ரான் வரை ஈர்ப்பின் விதி காட்சியால் அறியப்பட்டமை அக்கொள்கை ஈன்ற பயன். தான் தோற்றும் அறிவை வளர்த்த கொள்கை அது. 2022-இல் மிகெல் மொண்டெரோ, கும்ருன் வாஃபா, ஐரீன் வாலென்சுவெலா என்னும் மூவர், சில மைக்ரான் அளவுள்ள ஒரு மிகைப் பரிமாணம் உளதாகலாம் என்று இழைக்கொள்கையின் பக்கத்தினின்றே ஒரு கருத்தை வெளியிட்டனர். அது முறுக்குத் தராசின் எல்லையை அடுத்து நிற்பது. மெய்யாயிற் காணப்படும், பொய்யாயின் வீழும். அத்தகைய கருதுகோளை வரவேற்றலே அறிவுடைமை. கண்டிக்கப்படுவது கருதுகோளன்று, அதனைத் துணிபொருளாக விற்றலே.

நூலாசிரியர்களின் உரையே சான்றாகாதோ என்பார்க்கு ஒரு விடை. உரையளவை ஆப்தரின் உரைமேல் நிற்பது. அவ்வாசிரியர்கள் தம் கட்டுரைகளில் உரைத்தது, மிகைப் பரிமாணம் உளதாயின் இன்னின்ன நிகழும் என்பது. பரப்புவோர் உளதாயின் என்னும் சொல்லை உதிர்த்துவிட்டு எஞ்சியதை மட்டும் எடுத்துச் செல்கின்றனர். ஆப்தர் உரைக்காததை ஆப்தர்மேல் ஏற்றுதல் உரையளவையன்று. அவர்க்குச் செய்யும் இழுக்கு.

இறுதியாக, சமயப் பற்றுடையார்க்கு ஒரு சொல் வேண்டப்படுகின்றது. நூல்கள் கூறும் புலப்படாத உலகங்களெல்லாம் இம்மிகைப் பரிமாணங்களே என்றும், விஞ்ஞானம் சமயத்தை மெய்ப்பித்துவிட்டது என்றும் எல்லாச் சமயத்தாருள்ளும் மகிழ்வார் உளர். இம்மகிழ்ச்சி புதியதன்று. 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் லைப்சிக் நகரின் சோல்னர் என்னும் வானநூற் பேராசிரியர், ஹென்றி ஸ்லேட் என்னும் ஆவியழைப்பாரை வைத்துச் சோதனை செய்தார். இருமுனையும் முத்திரையிட்ட கயிற்றில் முடிச்சு விழக்கண்டு, நான்காம் பரிமாணத்து ஆவிகளே அதனைச் செய்தன என்று எழுதினார். அந்த ஸ்லேட் 1876-இலேயே இலண்டனில் வஞ்சனைக்காக முறைமன்றத்திற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஒரு சொற்குறையாற் தப்பியவர். கணித நூலின் உயர்ந்த கருத்தொன்று சூதாடியின் கயிற்றோடு கட்டுண்டு நகைப்பிற்கு இடமாயிற்று. பேராசிரியரின் புகழும் உடன் கெட்டது. பெருவெளி, படலம் என்பன ஈர்ப்பும் துகளும் பற்றிய கூற்றுக்கள். முறுக்குத் தராசால் அளக்கப்படுவதும் மோதுபொறியால் தேடப்படுவதும் சடமே. அதனைச் சமயநூற் பொருளோடு ஒன்றாக்குவோர், நாளை 30 மைக்ரான் 10 மைக்ரானாகக் குறுகுங்கால் தம் சமயமும் அவ்வளவிற் குறுகிற்று என்று ஒப்புவரோ? ஒப்பாராயின், இன்று அதனைத் துணைக்கு அழைத்தல் எற்றுக்கு? தன் அளவையில் நிற்பதற்குப் பிறிதொன்றன் நிலையாத ஊகம் துணையாகாது, பாரமேயாம்.

ஆகவே முடிந்த பொருள் இது. கிளைனின் நுண்சுருள் போல எக்கருவிக்கும் எட்டாத மிகைப் பரிமாணம் ஐயப்பொருள்; அதனை உண்டென்பாரும் இல்லை என்பாரும் ஒருங்கே அளவையிறந்தோர். மில்லிமீட்டர் அளவிலும், ஒரு டெரா எலெக்ட்ரன் வோல்ட் அளவிலும் உண்டு எனப்பட்ட மிகைப் பரிமாணம், காணத்தக்கதாகியும் காணப்படாமையின், அவ்வளவில் இல்லை எனத் துணியப்பட்டது. அவ்விரண்டன் இடையே நிற்பன, சோதனைக்கு எட்டுமளவும் கருதுகோள்கள். இம்மூன்றையும் பிரித்தறியாது, மிகைப் பரிமாணம் நாட்டப்பட்டது என்று மேடையிலும் ஏட்டிலும் கூறுவோர், அவ்வைவரும் ஒளியுள்ள அறைக்குக் கொண்டுவந்த பொருளை மீண்டும் இருட்டறையில் வைத்துப் பூட்டுகின்றனர். அறிவுடையோர் அவர் கூற்றைக் கேட்குந்தோறும், எதனாற் கண்டீர் என்று ஒருமுறையும், எது நிகழின் கைவிடுவீர் என்று மற்றொருமுறையும் வினாவுக.